டிஜிட்டல் மைக்ரோமீட்டர் இருக்கும்போது ஸ்லிப் கேஜ் எதற்கு?

டூல் ரூமில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் காட்டும் டிஜிட்டல் மைக்ரோமீட்டர் எங்களிடம் இருக்கிறது. சி.எம்.எம். (மூன்று அச்சிலும் அளக்கும் இயந்திரம்) கூட இருக்கிறது. பிறகு எஃகுத் துண்டுகளை அடுக்கிய ஒரு மரப்பெட்டிக்கு ஏன் இவ்வளவு விலை? பசையும் காந்தமும் இல்லாமல் அந்தத் துண்டுகள் எப்படி ஒட்டிக்கொள்கின்றன? புதிதாக வாங்குவதென்றால் எந்த செட், எந்த கிரேடு?"

மைக்ரோமீட்டர் 12.345 என்று காட்டுகிறது. அது 12.345தானா என்று அதே மைக்ரோமீட்டரைக் கேட்டால் மறுபடியும் 12.345 என்றுதான் சொல்லும். ஆன்வில் (அசையாத அளவு முகம்) தேய்ந்திருக்கலாம், ஸ்குரூவில் ஒரு இடத்தில் பிட்ச் (மரை இடைவெளி) பிசகியிருக்கலாம், யாராவது கீழே போட்டுவிட்டுச் சத்தமில்லாமல் எடுத்து வைத்திருக்கலாம். திரைக்கு இதெல்லாம் தெரியாது. வெளியிலிருந்து ஒரு நீளத்தைக் கொண்டுவந்து அதன் வாயில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அப்படிக் கையில் எடுத்து வைக்கக்கூடிய நீளம்தான் ஸ்லிப் கேஜ், அந்த மரப்பெட்டியில் இருக்கும் எஃகுத் துண்டு. பிளாக் என்றும் சொல்வோம். அதில் முள்ளும் இல்லை, திரையும் இல்லை. 25 என்று பொறித்த துண்டு 20 டிகிரி வெப்பத்தில் 25 மி.மீ. இருக்கும், சில பத்தில் ஒரு பங்கு மைக்ரான் முன்பின்னாக. உங்கள் சி.எம்.எம்.மும் இதற்கு விலக்கல்ல. அதைச் சரிபார்க்க வருகிறவர் பெட்டியிலிருந்து எடுத்து வைப்பதும் பெரும்பாலும் ஒரு ஸ்டெப் கேஜோ நீள பிளாக்கோதான்.

அந்த 25-ஐ யார் 25 என்று முடிவு செய்கிறார்கள்? 1983 முதல் மீட்டருக்கான வரையறை ஒளியில் இருக்கிறது. வெற்றிடத்தில் ஒளி ஒரு நொடியின் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தூரம் ஒரு மீட்டர். இதை எந்த டர்னரும் லேத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆகவே நடுவில் ஒரு படிக்கட்டு. அலைநீளம் துல்லியமாகத் தெரிந்த லேசரை வைத்து, இன்டர்ஃபெரோமீட்டரில் (ஒளியலைகள் சேர்ந்து உண்டாக்கும் ஒளி-இருள் பட்டைகளைக் கொண்டு அளக்கும் கருவி) பிளாக்கின் உயரத்தை ஒளியலைகளின் கணக்கில் எண்ணுகிறார்கள். சிவப்பு ஹீலியம்-நியான் லேசரின் அலைநீளம் ஏறத்தாழ 633 நானோமீட்டர். ஒளி போய்த் திரும்புவதால், ஒரு பட்டை நகர்ந்தால் உயரத்தில் 316 நானோமீட்டர் வித்தியாசம். பட்டையின் பின்னத்தையும் படித்துவிடுவதால் நீளம் சில பத்து நானோமீட்டருக்குள் கைக்கு வந்துவிடும். இந்தியாவில் இந்தப் படியின் உச்சியில் இருப்பது புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கே அளவு குறித்து வந்த பிளாக்கோடு கேலிபரேஷன் லேபின் பிளாக்கை ஒப்பிடுகிறார்கள், லேபின் பிளாக்கோடு உங்கள் பிளாக்கை, உங்கள் பிளாக்கோடு உங்கள் மைக்ரோமீட்டரை. ஒவ்வொரு படியிலும் சந்தேகம் கொஞ்சம் கூடும். ஆனால் எவ்வளவு கூடியது என்பது காகிதத்தில் எழுதியிருக்கும். நீங்கள் கொடுக்கும் பணத்தில் பாதி அந்தக் காகிதத்துக்குத்தான் என்பேன்.

இந்த யோசனையின் ஊர் ஸ்வீடனில் உள்ள எஸ்கில்ஸ்டூனா. அங்கே அரசு துப்பாக்கித் தொழிற்சாலையில் ஆயுதப் பரிசோதகராக இருந்தவர் கார்ல் எட்வர்ட் யோஹான்சன், 1864-இல் பிறந்தவர். அந்தக் காலத்தில் துப்பாக்கி செய்ய வேண்டுமென்றால் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு தனி கேஜ் செய்து வைக்க வேண்டும். ஆயிரம் அளவு என்றால் ஆயிரம் கேஜ். மவுசர் துப்பாக்கிக்காக ஜெர்மனியின் ஓபர்ன்டோர்ஃப் ஆலைக்குப் போன யோஹான்சன், 1896-இல் ஊர் திரும்பும் ரயிலிலேயே கணக்குப் போட்டார் என்று சொல்வார்கள். கேஜ்களை அளவுக்கு ஒன்றாகச் செய்யாமல், ஒன்றோடொன்று கூட்டிக்கொள்ளும்படி செய்தால் எத்தனை போதும்? 102 போதும் என்று விடை வந்தது. 1.01 முதல் 1.49 வரை நூறில் ஒரு பங்கு படியில் 49 துண்டு, 0.5 முதல் 24.5 வரை அரை மில்லிமீட்டர் படியில் 49 துண்டு. அதோடு 25, 50, 75, 100 என்று நான்கு. இவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்தால் 1 மி.மீ. முதல் 201 மி.மீ. வரை 0.01 படியில் இருபதாயிரம் அளவுகள். துண்டுகளைத் தேய்த்து முடிக்க வீட்டிலிருந்த தையல் மெஷினை கிரைண்டிங் மெஷினாக மாற்றிக்கொண்டார்.

இன்று கடையில் விற்கும் எம்112 செட்டைத் திறந்து எண்ணிப் பாருங்கள். யோஹான்சனின் அதே 102 துண்டு, மேலே 1.001 முதல் 1.009 வரை ஒன்பது, 1.0005 ஒன்று. மொத்தம் 112. நூற்றிருபது வருடத்துக்கு மேல் ஆகியும் கணக்கில் கைவைக்க யாருக்கும் காரணம் கிடைக்கவில்லை. பின்னால் 1923-இல் அவர் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டின் கம்பெனியில் சேர்ந்தார், 1943-இல் ஸ்வீடனில் இறந்தார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று பிரிட்டிஷ் இன்ச்சும் அமெரிக்க இன்ச்சும் மிகச் சிறிய அளவில் ஒத்துப்போகாதவை, ஒன்று 25.4-க்கு ஒரு மயிரிழை கீழே, மற்றது ஒரு மயிரிழை மேலே. யோஹான்சன் இரண்டையும் விட்டுவிட்டு 25.4 என்றே தன் இன்ச் பிளாக்குகளைச் செய்தார். 1959-இல் நாடுகள் கூடி உடன்பட்டதும் அந்த 25.4-தான்.

செட்டிலிருந்து ஒரு அளவைக் கட்டுவது கடைசி இலக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். 37.386 வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் 6, எனவே 1.006. மீதி 36.380. அதில் .38-ஐத் தீர்க்க 1.38. மீதி 35. எம்87 (87 துண்டு) செட்டாக இருந்தால் 5, 30. நான்கு துண்டில் முடிந்தது. துண்டு குறைந்தால் பிழையும் குறையும், அதனால் நாலைந்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். கோணம் வைக்க ஒரு முனையின் கீழ் பிளாக்கை அடுக்கும் சைன் பாருக்கும் இதே கதைதான். 200 மி.மீ. சைன் பாரில் பதினெட்டரை டிகிரி வைக்க, அந்தக் கோணத்தின் சைனை 200-ஆல் பெருக்கினால் 63.461 வரும்: 1.001, 1.46, 1, 60.

இப்போது அந்த ஒட்டும் விவகாரம். பட்டறையில் இதை ரிங் (wring) பண்ணுவது என்கிறோம். செய்யத் தெரிந்தவர் கையில் பார்க்க வேண்டும். முதலில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயை சுத்தமான பெட்ரோலிலோ ஆல்கஹாலிலோ கழுவி, நூல் உதிராத துணியால் துடைப்பார். ஒரு துண்டின் மேல் இன்னொன்றைச் சிலுவை போலக் குறுக்காக வைத்து, லேசாக அழுத்தி, மெதுவாகச் சுழற்றுவார். முதலில் வழவழவென்று போகும். பிறகு ஒரு இழுவை வரும், கை அதை உணரும். அந்த இழுவை வந்த பிறகு 90 டிகிரி திருப்பி நேராக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும். கீழ்த்துண்டை விட்டாலும் விழாது. சுழற்றும்போது கரகரவென்று உரசினால் உடனே நிறுத்திவிட வேண்டும். ஒரு தூசியோ விளிம்பில் ஒரு பிசிறோ இருக்கிறது என்று அர்த்தம். மேலும் தேய்த்தால் இரண்டு முகமும் கீறிப் போகும்.

காற்றழுத்தம்தான் ஒட்ட வைக்கிறது என்று பல பாடப்புத்தகங்களில் பார்க்கலாம். கணக்குப் போட்டாலே அது போதாது என்று தெரிந்துவிடும். சாதாரண சிறிய பிளாக்கின் முகம் 30-க்கு 9 மி.மீ., அதாவது 2.7 சதுர சென்டிமீட்டர். வளிமண்டலம் முழுசாக அழுத்தினாலும் மூன்று கிலோ எடைகூட வராது. நன்றாக ரிங் ஆன ஜோடி அதைப்போலப் பல மடங்கு இழுப்பைத் தாங்கும், வெற்றிடத்திலும் பிரியாது. துடைத்த பிறகும் முகத்தில் தங்கும் மிக மெல்லிய எண்ணெய், ஈரப் படலத்தின் பரப்பு இழுவிசை ஒரு காரணம். முகங்கள் அவ்வளவு சமதளமாக இருப்பதால் மூலக்கூறுகளுக்கிடையேயான ஈர்ப்பும் வேலை செய்கிறது. எது எவ்வளவு பங்கு என்பது முகத்துக்கு முகம் மாறும். முழுக்க உலர்த்திச் சுத்தம் செய்த பிளாக் சில சமயம் முரண்டு பிடிக்கும், ஒரு துளியில் பத்தில் ஒரு பங்கு எண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டால் சட்டென்று ஒட்டும். பழைய ஆட்கள் பிளாக்கைத் தங்கள் மணிக்கட்டில் தேய்த்துவிட்டு ரிங் பண்ணுவார்கள். தோலின் எண்ணெயால் வேலை நடக்கும்தான், ஆனால் கூடவே வியர்வையின் உப்பும் போகும், மறுநாள் துரு. செய்யாதீர்கள்.

ரிங் ஆனதா என்று கண்ணாலும் பார்க்கலாம். ஆப்டிகல் ஃபிளாட் என்னும் கண்ணாடித் தட்டை பிளாக் முகத்தில் ரிங் பண்ணி மேலிருந்து பாருங்கள். முதலில் வண்ணப் பட்டைகள் தெரியும். ஒட்ட ஒட்டப் பட்டைகள் மறைந்து முகம் ஒரே சாம்பல் நிறமாகும். எங்காவது ஒரு வெளிச்சப் புள்ளி மிச்சமிருந்தால் அங்கே கீறலோ தூசியோ இருக்கிறது. பிளாக்குகளுக்கு கே, 0, 1, 2 என்று நான்கு கிரேடு. கே, 0 கிரேடு பிளாக்குகளில் அப்படி ஒரு புள்ளிகூட இருக்கக் கூடாது. 1, 2 கிரேடுகளில் லேசாக இருந்தால் பரவாயில்லை.

இங்கே ஒரு கூர்மையான சந்தேகம் வரும், வர வேண்டும். நான்கு துண்டை ஒட்டினால் நடுவே மூன்று படலம் இருக்குமே, அதன் தடிமன் கணக்கில் கூடாதா? இதற்கு ஐஎஸ்ஓ 3650 என்னும் தரநிலை அழகான பதில் வைத்திருக்கிறது. பிளாக்கின் நீளம் என்றால் அதன் மேல்முகத்திலிருந்து, அதன் அடிமுகம் ரிங் செய்யப்பட்ட தட்டின் பரப்பு வரை. அதாவது ஒவ்வொரு பிளாக்கின் நீளத்திலும் ஒரு படலம் முன்கூட்டியே அடங்கியிருக்கிறது. எனவே அடுக்கும்போது தனியாக எதையும் கூட்ட வேண்டியதில்லை. படலம் எப்படியும் நூறில் ஒன்றிரண்டு மைக்ரான்தான். ஆனால் சரியாக ரிங் ஆகாமல் வெறுமனே ஒன்றன்மேல் ஒன்று வைத்த அடுக்குக்கு இந்தச் சலுகை கிடையாது. நடுவே புகும் காற்றும் தூசியும் சில மைக்ரானைத் தின்றுவிடும், பெட்டிக்குக் கொடுத்த பணம் அதோடு போயிற்று.

வெப்பம்தான் நம் ஊரில் உண்மையான வில்லன். பிளாக்கின் நீளம் 20 டிகிரி செல்சியஸில் மட்டுமே செல்லும். 1931-இல் சர்வதேச எடை அளவைக் குழு அந்த 20-ஐ முடிவு செய்தது. எஃகு ஒரு டிகிரிக்கு, ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 11.5 மைக்ரான் நீளும். 100 மி.மீ. பிளாக் என்றால் டிகிரிக்கு 1.15 மைக்ரான். சித்திரை மாதத்தில் ஏசி இல்லாத பட்டறையில் 35 டிகிரி என்று வையுங்கள், 17 மைக்ரான் கூடிவிட்டது. 1 கிரேடில் அந்த பிளாக்குக்கு அனுமதித்த பிழையே 0.6 மைக்ரான்தான்!

இதைக் கேட்டுப் பயந்து பெட்டியைப் பூட்டி வைக்க வேண்டாம். நீங்கள் அளக்கும் ஜாபும் எஃகாக இருந்து, ஜாபும் பிளாக்கும் ஒரே வெப்பத்தில் இருந்தால் இரண்டும் ஒரே அளவுக்கு நீளும், ஒப்பீடு சரியாகவே வரும். கெடுப்பது இரண்டு விஷயம். ஒன்று, ஜாப் அலுமினியமாக இருப்பது. அது எஃகைப்போல இரண்டு மடங்கு நீளும், 35 டிகிரியில் 100 மி.மீ.க்கு 17 மைக்ரான் வித்தியாசம் அப்படியே பிழையாக நிற்கும். மற்றொன்று, மெஷினிலிருந்து இறக்கிய சூட்டோடு ஜாபை அளப்பது, அல்லது பிளாக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பது. கைச்சூட்டில் ஐந்து டிகிரி ஏறினால் 100 மி.மீ. பிளாக் கிட்டத்தட்ட 6 மைக்ரான் வளர்ந்திருக்கும். இரண்டையும் ஒரே சர்ஃபேஸ் பிளேட்டில் அருகருகே வைத்து வேறு வேலையைப் பாருங்கள். பெரிய ஜாபுக்கு மணிக்கணக்கில் ஆகும். ராத்திரி ஏசியை அணைத்துவிட்டுக் காலையில் போட்டவுடன் கேலிபரேஷன் தொடங்கும் ஸ்டாண்டர்ட் ரூம்கள் உண்டு. அறையின் காற்று குளிர்ந்திருக்கும், கிரானைட் தட்டு குளிர்ந்திருக்காது.

மைக்ரோமீட்டரைச் சோதிக்கும்போது பெரும்பாலான பட்டறைகளில் நான் பார்ப்பது இது: 5, 10, 15, 20, 25 பிளாக்கை வரிசையாக வைத்து, எல்லாம் சரி என்று எழுதிவிடுவார்கள். ஒரு முறை யோசித்துப் பாருங்கள். மைக்ரோமீட்டரின் ஸ்குரூ பிட்ச் அரை மில்லிமீட்டர். இந்த ஐந்து அளவிலும் திம்பிள் (கையால் சுழற்றும் உறை) முழுச்சுற்று முடிந்து அதே பூஜ்யத்தில் வந்து நிற்கும். ஒரு சுற்றுக்குள்ளே ஸ்குரூ எப்படி நடந்துகொள்கிறது என்பதை நீங்கள் பார்க்கவே இல்லை. ஸ்பின்டில் (ஸ்குரூவோடு நகரும் தண்டு) முகம் கோணலாக இருந்தாலும், ஒவ்வொரு முறையும் அதே பக்கம் திரும்பி நிற்பதால் அது மாட்டிக்கொள்ளாது. இதற்காகத்தான் 2.5, 5.1, 7.7, 10.3, 12.9, 15.0, 17.6, 20.2, 22.8, 25.0 என்று விசித்திரமாகத் தோன்றும் பத்து பிளாக் கொண்ட தனி செட் விற்கிறார்கள். கடைசிப் படியைத் தவிர ஒவ்வொரு படியிலும் திம்பிள் 0.1 மி.மீ. தள்ளி, வேறொரு கோணத்தில் நிற்கும். யாரோ சும்மா எழுதிய எண்கள் இல்லை அவை.

கிரேடு பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. கே என்றால் உச்சம், அதன் அளவு பொறித்த எண்ணுக்கு மிக நெருக்கமாக இருக்கும் என்று. அப்படி இல்லை. 10 மி.மீ. வரையிலான பிளாக்குக்கு 0 கிரேடில் அனுமதித்த நீளப் பிழை 0.12 மைக்ரான், கே கிரேடில் 0.20 மைக்ரான், 1 கிரேடுக்கும் அதே 0.20. கே எதில் உசத்தி என்றால் முகத்தின் ஓரத்துக்கு ஓரம் நீளம் மாறாமல் இருப்பதில்: 0.05 மைக்ரான்தான் அனுமதி. 0 கிரேடில் அது 0.10, 1 கிரேடில் 0.16. காரணம் லேசானது. கே பிளாக்கை வைத்திருப்பவர் பொறித்த எண்ணை நம்ப மாட்டார், சான்றிதழில் எழுதிய திருத்தத்தைக் கூட்டியோ கழித்தோ பயன்படுத்துவார். அவருக்கு நீளம் கொஞ்சம் தள்ளியிருந்தால் கவலையில்லை, எந்த இடத்தில் தொட்டாலும் அதே நீளம் வர வேண்டும். திருத்தம் போட்டுக் கணக்குப் பார்க்கப் போவதில்லை என்றால் கே வாங்குவது வீண்செலவு.

எந்தப் பொருளால் ஆனது என்பது அடுத்தது. எஃகுதான் இன்னும் பெரும்பான்மை, ஜாபோடு சேர்ந்து நீளுவது அதன் பலம். துரு அதன் பலவீனம், கடலோர ஊர்களில் ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் புள்ளி விழும். சிர்க்கோனியா பீங்கான் துருப்பிடிக்காது, விரிவும் எஃகுக்கு ஓரளவு நெருக்கம், கீழே விழுந்து விளிம்பில் அடிபட்டாலும் எஃகைப் போலப் பிசிறு எழும்பாது. விலை கூடுதல். டங்ஸ்டன் கார்பைடு தேயாது, ஆனால் அதன் விரிவு எஃகில் பாதிகூட இல்லை, அதனால் ஏசி இல்லாத இடத்தில் முழு செட்டாக வாங்க நான் சொல்ல மாட்டேன். 2 மி.மீ. கார்பைடு காப்புத் துண்டு ஒரு ஜோடி வாங்கி, அடுக்கின் இரண்டு ஓரத்திலும் வைத்துக்கொண்டால் போதும். தேய்மானம் முழுதும் அவற்றின் தலையில் விழும். அளவிலிருந்து 4-ஐக் கழித்துவிட்டு அடுக்கைக் கட்ட மறக்காதீர்கள்.

வேலை முடிந்ததும் அடுக்கை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். நாள்கணக்கில் ஒட்டியிருக்கும் பிளாக்குகள் பிரிக்க வராமல் இறுகிவிடும். பிரிக்கும்போதும் பெயர்க்கக் கூடாது, பக்கவாட்டில் சறுக்கி எடுக்க வேண்டும். துடைத்து, எண்ணெய் பூசி, அதனதன் குழியில் வைக்கவும்.

உங்கள் டூல் ரூமுக்கு என் யோசனை: வேலை மைக்ரோமீட்டரைச் சோதிப்பது மட்டும் என்றால் அந்தப் பத்து பிளாக் செட் போதும், பெரிய பெட்டியே வேண்டாம். சைன் பார், ஹைட் மாஸ்டர், போர் கேஜ் செட் பண்ணுவது என்று எல்லாமும் இருந்தால் 1 கிரேடில் எஃகு எம்87. எம்112-இல் அரை மில்லிமீட்டர் படி 24.5 வரை போவதால் அடுக்கில் துண்டு குறையும், 18.5 அங்கே ஒரே துண்டு, எம்87-இல் 8.5-உம் 10-உம் சேர வேண்டும். தினமும் அடுக்குகிறவருக்கு அந்த வசதி பெரிது, மாதம் இரண்டு முறை அடுக்குகிறவருக்கு இல்லை. 0 கிரேடு பெட்டி ஒன்று, மற்ற கேஜ்களைச் சோதிக்க மட்டும் பூட்டி வைக்க வசதியிருந்தால் வாங்கலாம்.

வாங்கும்போது 'பாஸ்' என்று ஒரு வரி எழுதிய சான்றிதழை ஏற்காதீர்கள், ஒவ்வொரு துண்டுக்கும் எத்தனை மைக்ரான் விலகல் என்று எழுதிக் கேளுங்கள். அடுத்த வருடச் சான்றிதழ் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எஃகே வயதாக ஆகக் கொஞ்சம் நகரும். 1 கிரேடில் 100 மி.மீ. துண்டுக்கு வருடத்துக்கு 0.10 மைக்ரான் வரை தரநிலையே அனுமதிக்கிறது. அதற்கு மேல் குறைந்திருந்தால் தேய்மானம், சான்றிதழ் தரும் அளவுச் சந்தேகத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் 1.005, 10, 25 போல அடிக்கடி கைக்கு வரும் சில துண்டுகள்தான் முதலில் போகும். அவற்றைத் தனித்தனியாகவே விற்கிறார்கள், முழுப் பெட்டியை மாற்ற வேண்டியதில்லை.